காசு கைக்கு வரும் நாளைப் பார், மகள்

பெரியகல்லாறு
ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்

அன்பு மகளுக்கு,

நம் சேலைகளை வெப்சைட்டில் விற்க எந்தப் பேமென்ட் கேட்வே எடுப்பது என்று நீ போனில் கேட்டபோதே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் காசு விசயத்தை எழுதி வைத்தால்தான் எனக்கு மனம் ஆறும். கொம்பியூட்டரைப் பற்றி நீதான் எனக்குச் சொல்லித் தருகிறவள். ஓர் ஊரில் கட்டுகிற காசை இன்னோர் ஊரில் சரியான ஆளின் கையில் சேர்க்கிற வேலையை நான் தபாற்கந்தோரில் 31 வருசம் செய்தேன். வாங்குகிறவர் கார்டால் கட்டுகிற காசை நம் வங்கிக் கணக்கில் சேர்க்கிற பேமென்ட் கேட்வேயின் வேலையும் அதுதான்.

நீ அனுப்பிய அட்டவணையைப் பார்த்தேன். எந்தக் கம்பனி எத்தனை வீதம் எடுக்கும் என்பதை முன்னால் போட்டிருக்கிறாய். காசு எத்தனை நாளில் நம்முடைய வங்கிக் கணக்குக்கு வரும் என்பது கடைசியில் கிடக்கிறது. அதைத் தூக்கி முன்னால் வை, மகள். மருதமுனையில் தறிக்காரருக்கு வியாழன் பின்னேரம் கூலி கொடுத்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை தறி ஓடாது, அன்றைக்குத்தான் அவர்கள் வீட்டுச் சாமான் வாங்குவார்கள். நூலும் சாயமும் நமக்குக் கைக்காசுக்குத்தான் கிடைக்கிறது. ‘2 வேலை நாள்’ என்று கம்பனி சொன்னால் அதில் சனி, ஞாயிறு, போயா என்கிற பௌர்ணமி விடுமுறை எதுவும் சேராது. வெள்ளி இரவு விற்ற சேலைக்கு, திங்கள் போயா வந்தால், புதன்கிழமைதான் காசு வரும். கிழமைக்கு ஒரு தரம்தான் அனுப்புவோம் என்கிற கம்பனியாக இருந்தால் வியாழனும் போய்விடும். நமக்கு நெய்து தருகிற ராத்தாவிடம் போய், சேலை விற்றுவிட்டது ஆனால் காசு இன்னும் வரவில்லை என்று நான் எப்படிச் சொல்வது?

வீதத்தையும் விட்டுவிடச் சொல்லவில்லை. ஒரு பேச்சுக்கு, மாதக் கட்டணம் இல்லாமல் 3.5 வீதம் என்று ஒரு திட்டம். மாதம் 2,000 ரூபாயும் 2.5 வீதமும் என்று இன்னொன்று. ஒரு வீத வித்தியாசம் அந்த 2,000 ரூபாயை ஈடுசெய்ய மாதம் 2 லட்சம் விற்க வேண்டும். 8,500 ரூபாய்ச் சேலையில் அது 24 சேலை. இப்போது நாம் விற்பது பத்துப் பன்னிரண்டு. ஆகவே முதல் வருசம் மாதக் கட்டணம் இல்லாததை எடு. நேரே வங்கியில் கேட்வே எடுப்பதாக இருந்தால் தொடக்கக் கட்டணம், வருசக் கட்டணம், கட்டிவைக்கும் காசு எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள். சேலையைத் திருப்பி வாங்கிக் காசைக் கொடுத்தால் அவர்கள் பிடித்த வீதம் திரும்ப வருமா என்றும் கேள். பல இடத்தில் வராது.

அடுத்தது டொரொன்டோ மாமாவின் யோசனை. வெளிநாட்டுக் கேட்வேயான ஸ்ட்ரைப் இலங்கையில் பதிந்த வியாபாரத்துக்குக் கணக்குக் கொடுப்பதில்லை. பேபாலிலும் பல வருசமாக இங்கிருந்து காசு கட்ட மட்டும்தான் முடிந்தது, இங்கே வாங்க முடியவில்லை. அதனால் தன் பேரில் அங்கே ஒரு கணக்குத் திறந்து தருகிறேன் என்கிறார். அவருடைய நல்ல மனம் எனக்குத் தெரியும். ஆனால் வேண்டாம். விற்கிறது நீ, கணக்கு அவருடையது என்றால் அந்தக் கம்பனியின் நிபந்தனையையே மீறுகிறோம். அவர்கள் அதைக் கண்டுபிடித்துக் கணக்கை முடக்கினால் நம் காசைக் கேட்க நமக்கு ஒரு உரிமையும் இருக்காது. நமது விற்பனைக்கு அங்கே அவர் வரி அலுவலகத்தில் பதில் சொல்லவேண்டி வரும். வாங்கியவரின் கார்ட் கணக்கில் மாமாவின் பேர் விழுந்தால், இது யார் என்று பயந்து வங்கியில் முறைப்பாடு செய்வார். உறவுக்குள் இதைக் கொண்டுவராதே.

இங்கேயே பேஹியர், வெப்எக்ஸ்பே என்ற கேட்வே கம்பனிகள் இருக்கின்றன. வெளிநாட்டு வீசா கார்ட், மாஸ்டர்கார்ட் காசும் அவற்றின் வழியாக வரும். மத்திய வங்கியின் அனுமதியோடு நடக்கிறதா என்பதை மட்டும் எந்தக் கம்பனியானாலும் உறுதிப்படுத்திக்கொள். வியாபாரப் பதிவு, அடையாள அட்டை, வங்கிக் கணக்கு விபரம் கேட்பார்கள். வெப்சைட்டில் திருப்பி வாங்கும் முறையும் நம் விலாசமும் எழுதியிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

இனி, போன வருசம் அம்மா ஏமாந்த கதை. தீபாவளிக்கு முதல் கிழமை ஒருவர் வட்ஸ்அப்பில் வங்கிச் சிலிப் ஒன்றை அனுப்பினார். தொகை சரி, திகதி சரி, நம் கணக்கு இலக்கமும் சரி. அம்மா அன்றைக்கே கத்தரிப்பூ நிறச் சேலையைப் பார்சல் கட்டினா. நான் போய்ப் போட்டேன். காசு வரவேயில்லை. சிலிப் முழுக்கப் பொய். நெய்தவருக்கு நாம் கையால் கொடுத்தோம்.

காசுக்கட்டளை மாற்ற வருகிறவரின் கையில் இருக்கும் தாளை மட்டும் நம்பி நான் ஒருநாளும் காசு எண்ணியதில்லை. அனுப்பிய கந்தோரிலிருந்து அறிவித்தல் என்று வேறொரு தாள் எனக்குத் தனியாக வரும். கட்டளையையும் அறிவித்தலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இலக்கம், தொகை, அனுப்பியவர் பேர் மூன்றும் ஒத்தால்தான் மேசை லாச்சியைத் திறப்பேன். கேட்வேயிலும் இந்த இரண்டு தாளும் இருக்கின்றன. காசு கட்டிய ஆளின் போனில் ‘நன்றி’ என்று வருகிற பக்கம் ஒன்று. கம்பனியின் சேர்வரிலிருந்து நம் வெப்சைட்டின் சேர்வருக்கு நேராக வருகிற அறிவித்தல் மற்றது. உனக்கு வெப்சைட் செய்து தருகிற பொடியனிடம், அந்த இரண்டாவது வந்து, அது கம்பனியிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் ஒப்பமும் தொகையும் சரிபார்த்த பிறகுதான் ஓடர் ‘காசு வந்தது’ என்று மாறவேண்டும் எனச் சொல். நன்றிப் பக்கத்தை வைத்து மாற்றினால், அந்தப் பக்கத்தின் விலாசத்தைக் கையால் அடிக்கத் தெரிந்தவன் சும்மா சேலை எடுத்துப் போவான். அம்மாவுக்கும் சொல்லிவிட்டேன், கேட்வேயின் கணக்குப் பக்கத்தில் பார்க்காமல் ஒரு பார்சலும் கட்டுவதில்லை என்று.

கார்ட் இலக்கத்தை நம் வெப்சைட்டில் எழுத விடாதே. கேட்வேயின் பக்கத்துக்குப் போய் அங்கே எழுதட்டும். பின்பக்கத்து மூன்று இலக்கத்தைச் சேமித்து வைக்கவே கூடாது என்பது கார்ட் கம்பனிகளின் விதி. வட்ஸ்அப்பில் யாராவது கார்டைப் படம் பிடித்து அனுப்பினாலும் உடனே அழித்துவிட்டு அவருக்கும் எடுத்துச் சொல். போனுக்கு ஓடீபீ என்கிற ஒருதரம் மட்டும் செல்லும் இலக்கம் வந்து உறுதிசெய்யும் முறை கட்டாயம் இருக்க வேண்டும். திருட்டுக் கார்டால் வருகிற நட்டம் அப்போது பெரும்பாலும் கார்ட் கொடுத்த வங்கியின் பக்கம் போகும்.

சாமான் வரவில்லை என்று ஒருவர் தன் வங்கியில் முறைப்பாடு கொடுத்தால் காசை நம்மிடமிருந்து திருப்பி எடுப்பார்கள். அதற்குப் பெரும்பாலும் 120 நாள் வரை அவகாசம் உண்டு. அதனால் ஒவ்வொரு பார்சலின் பற்றுச்சீட்டையும் ஓடர் இலக்கம் எழுதி ஆறு மாதம் வைத்திருப்பேன். அந்த வேலை என்னுடையது.

களுவாஞ்சிக்குடியில் எனக்குத் தெரிந்த ஒருவருக்குப் பெருநாள் கிழமையில் விற்பனை திடீரென்று ஏறியது. சந்தேகம் என்று அவருடைய கேட்வே காசை நிறுத்தி வைத்தது. மெயில் போட்டால் தானாக ஒரு பதில் வரும், பேச ஆள் இல்லை. 16 நாள் அந்த மனுசன் கடன் வாங்கித்தான் சம்பளம் கொடுத்தார். ஆகவே கையெழுத்து வைக்க முதல் நீ எடுக்கப்போகிற கேட்வேயின் போன் இலக்கத்துக்கு ஒரு பின்னேரம் நீயே எடுத்துப் பார். தமிழில் பேசு. எவ்வளவு நேரத்தில் ஒரு மனிதக் குரல் கேட்கிறது என்று எழுதி வை. காசை எப்போது நிறுத்துவார்கள், எத்தனை நாள், என்ன ஆவணம் கேட்பார்கள் என்பதை மெயிலில் வாங்கிக்கொள்.

பழைய ஆட்களுக்கு வங்கிக்கு நேராகப் போடும் வழியையும் விட்டுவை. உன் பெரியம்மா மாதிரி ஆட்கள் கார்ட் இலக்கம் எழுத மாட்டார்கள்.

வியாபாரப் பதிவுக்குப் பிரதேச செயலகத்தில் படிவம் எடுத்து வைத்திருக்கிறேன். வியாபாரத்தின் பேர் என்ற இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. நீயும் அம்மாவும் பேசி முடிவெடுத்து வியாழனுக்கு முதல் சொல்லுங்கள். அடுத்த போயாவுக்கு வரும்போது உன் அடையாள அட்டைக் கொப்பி இரண்டு கொண்டுவா. அம்மா உனக்கென்று கச்சான் வறுத்துப் போத்தலில் போட்டு வைத்திருக்கிறா.

அன்புடன்,
அப்பா