வழி கேட்டு நடந்த காலம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டாள் என்ற செய்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கண் அறுவை முடிந்து கட்டுப் பிரித்த மூன்றாம் நாள் அது. "அவன் பெண்ணா? அதற்குள்ளாகவா?" என்று இரண்டு முறை கேட்டார். வலக்கண் பார்வை இப்போது நன்றாகத் தெளிந்துவிட்டது. இடக்கண்ணுக்குச் சித்திரையில் நாள் குறித்திருக்கிறார்கள். வீட்டில் மற்றவர்கள் நலம்.

விடுமுறையில் பால்டர்ஸ் கேட் 3 விளையாட்டை ஆடி முடித்த உன் மகள், "நீங்களும் இந்த மாதிரிதான் ஆடினீர்களா அப்பா?" என்று கேட்டதாக எழுதியிருந்தாய். கூடவே என்னையும் ஒரு கேள்வி கேட்டிருந்தாய்: 2023இல் வெளிவந்து, உலகமெங்கும் விற்று, அந்த ஆண்டின் விருதுகளை அள்ளிக்கொண்டு போன ஒரு விளையாட்டு கண்முன்னே இருக்கும்போது, கணினியில் தனியாக உட்கார்ந்து, கதையில் ஒரு பாத்திரமாகவே மாறி ஆடிய பழைய ஆர்.பி.ஜி. விளையாட்டுகள் மறைந்துவிட்டன என்று நான் இன்னும் ஏன் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று. நியாயமான கேள்விதான். உடனே பதில் எழுத எனக்கு வரவில்லை. போகிக்குப் பரணை ஒழித்தபோது கையில் ஒரு பொருள் அகப்பட்டது; அதற்குப் பிறகுதான் என்ன எழுதவேண்டும் என்று தெரிந்தது.

விடுதி அறையில் நாம் வைத்திருந்த நீள நோட்டு. மாட்டிய பழுப்புத் தாள் உரை அப்படியே இருக்கிறது. ஓரத்தை மட்டும் கரையான் அரித்திருக்கிறது. முன்பாதியில் என் சர்க்யூட் கணக்குகள். நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்னட்டையிலிருந்து தொடங்கினால் மாரோவிண்ட் விளையாட்டுக்கான குறிப்புகள். அதன் இரண்டாம் பக்கத்தில் உன் கையெழுத்து: "பால்மோராவிலிருந்து தெற்கே. மூன்மாத் கோட்டையைத் தாண்ட வேண்டும். பள்ளத்தாக்கின்மேல் பழைய பாலம். கதவைத் தள்ளாதே, குழாயில் கைப்பிடி இருக்கும், அதைத் திருப்பு." இதைப் படித்ததும் அந்த ஆர்க்ங்தாண்ட் இடிபாடு முழுவதும் எனக்கு நினைவுக்கு வந்துவிட்டது. உள்ளே போய்க் கையளவுகூட இல்லாத ஒரு கனசதுரப் பெட்டியைத் தேடி மூன்று இரவு அலைந்தோமே! அது ஒரு சிறு அறையின் அலமாரித் தட்டில், வேறு தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவே, எந்த ஒளியும் அடையாளமும் இல்லாமல் சும்மா கிடந்தது. நீ கண்டுபிடித்துப் போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர்கள் எழுந்து வந்தார்கள்.

அந்தப் பக்கத்தைத்தான் உன் கேள்விக்கு என் பதிலாக வைக்கிறேன். மாரோவிண்ட் 2002இல் வந்தது. அதே நிறுவனம் அதே வரிசையில் நான்கு ஆண்டுகள் கழித்து, 2006இல், ஆப்லிவியனை வெளியிட்டபோது, அப்படியொரு பக்கத்தை எழுதுவதற்கான தேவையே இல்லாமல் போய்விட்டது. திரையின் அடியில் ஒரு திசைகாட்டி, அதில் ஒரு குறி. குறியைப் பார்த்து நடந்தால் இடம் வந்துவிடும். பாலம் எது, கோட்டை எது, சொன்னவர் யார், ஏன் சொன்னார், எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஊர் பெரிதாயிற்று, மரங்கள் அழகாயின, ஆனால் அந்த ஊரில் யாரிடமும் வழி கேட்டு நடக்க வேண்டிய அவசியம் போய்விட்டது. வழி கேட்டு நடக்கிறவனுக்குத்தான் ஊர் பழகும் என்பது உனக்கும் எனக்கும் தெரியும். முதன்முதலில் கல்லூரிக்கு வந்து இறங்கிய நாளில் நாம் அப்படித்தானே பழகினோம்.

தொலைக்காட்சியில் மாட்டி ஆடும் கன்சோல் பெட்டிதான் இவற்றைக் கெடுத்தது என்று நீ அந்தக் காலத்திலேயே சொல்வாய். நான் அதை முழுதும் ஏற்கவில்லை, ஏனென்றால் மாரோவிண்டே எக்ஸ்பாக்ஸ் என்ற கன்சோலிலும் வந்த விளையாட்டுதான். கூடத்தில் பத்தடி தள்ளி உட்கார்ந்து தொலைக்காட்சியில் ஆடுகிறவரால் பொடி எழுத்தில் ஒரு பக்கம் படிக்க முடியாது என்பது உண்மை; அதனால் வாசகங்கள் சுருங்கின என்பதும் உண்மை. ஆனால் அதைவிட ஆழமான காரணம் குரல் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. மாரோவிண்டில் வணக்கம் சொல்வதையும் சண்டையில் கத்துவதையும் விட்டால், ஏறக்குறைய எல்லாப் பேச்சும் எழுத்துதான். ஆப்லிவியனில் எல்லா மாந்தருக்கும் எல்லா உரையாடலுக்கும் நடிகர்கள் குரல் கொடுத்தார்கள். எழுத்தாக இருக்கும்வரை, வெளியீட்டுக்கு முந்தைய வாரம்கூட ஒருவர் உட்கார்ந்து ஒரு கிழவியின் வாயில் இன்னும் நான்கு வரியை வைத்துவிடலாம். நூறு பேரில் இரண்டு பேர்தான் அந்தக் கிழவியிடம் பேசப் போகிறார்கள் என்றாலும் நட்டமில்லை. குரல் வந்துவிட்டால் அந்த நான்கு வரிக்கு நடிகரை மறுபடி அழைக்கவேண்டும், ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வாடகை தரவேண்டும், பிறமொழிகளில் குரல் சேர்ப்பதானால் அங்கும் அதே செலவு. ஆகவே, நூறில் இரண்டு பேர் மட்டும் கேட்கப்போகும் பேச்சுதான் முதலில் வெட்டுப்படுகிறது. காதால் கேட்ட வழியைத் திரும்பப் படித்துப் பார்க்கவும் முடியாது. அதனால் குறி தேவைப்படுகிறது. குறி வந்தபின், வழி சொல்லும் வசனமும் வேண்டாததாகிறது. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போன கதை இது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததில்லை.

இந்த வகை முதலிலேயே எதை நம்பிப் பிறந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், போனது எது என்பது இன்னும் தெளிவாகும். அல்டிமா 4 என்ற பழைய விளையாட்டு இப்போது இலவசமாகவே கிடைக்கிறது. சென்ற ஆண்டு அதை மெதுவாக ஆடிப் பார்த்தேன். ரிச்சர்ட் கேரியட் 1985இல் செய்தது. அதில் கொல்ல வேண்டிய பெரும் பகைவன் என்று ஒருவனும் இல்லை. கருணை, நேர்மை, வீரம் என்று எட்டு அறங்களில் ஆடுகிறவர் தேறவேண்டும், அவ்வளவுதான். மந்திரத்துக்கான மூலிகைகளை விற்கும் பெண்ணுக்குக் கண் தெரியாது. எவ்வளவு காசு வைக்கிறாய் என்பதை நீயே தட்டச்சு செய்யவேண்டும். குறைத்து வைத்தாலும் சரக்கைக் கொடுத்துவிடுகிறாள். மணி அடிக்காது, எச்சரிக்கை வராது, யாரும் ஓடிவந்து பிடிக்கமாட்டார்கள். ஆனால் உள்ளே எங்கோ நேர்மைக் கணக்கில் கழிந்துகொண்டிருக்கும். பல நாள் கழித்துக் கோட்டையில் இருக்கும் ஹாக்விண்ட் என்ற ஞானியிடம் போய் நேர்மையைப் பற்றிக் கேட்கும்போதுதான், தான் எங்கே நிற்கிறோம் என்பது தெரியவரும். இத்தனைக்கும் திரையில் இருப்பவை கட்டம் கட்டமான சில பொம்மைகள். ஆடுகிறவர் கவனிப்பார், எண்ணிப் பார்ப்பார், தன் செயலைத் தானே நினைவில் வைத்திருப்பார் என்று செய்தவர் நம்பியிருக்கிறார். அம்மாவின் கண்ணில் கட்டு இருந்த நாட்களில் அந்தப் பெண்ணை நான் அடிக்கடி நினைத்துக்கொண்டேன்.

அந்த மரபு முதலில் ஒருமுறை சரிந்ததும் உனக்குத் தெரியும். அல்டிமா 7 வந்த அதே 1992இல் கேரியட்டின் ஆரிஜின் நிறுவனம் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற பெரிய நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. மாவையும் தண்ணீரையும் பிசைந்து அடுப்பில் வைத்து ரொட்டி சுடலாம், ஊரார் காலையில் வேலைக்குப் போய் இரவில் படுக்கப் போவார்கள் என்றிருந்த உலகத்துக்கு அடுத்து, 1994இல் வந்த எட்டாம் பாகத்தில் கூட வரும் தோழர்களையே எடுத்துவிட்டு, தாவிக் குதிக்க வைத்தார்கள். 1999இல் ஒன்பதாம் பாகம் பிழைகளோடு வந்து, வரிசை முடிந்தது. 2004இல் நிறுவனமே மூடப்பட்டது.

ஆனால் நாம் அதிர்ஷ்டசாலிகள். நாம் ஆடத் தொடங்கிய ஆண்டுகளில் அது மறுபடி தழைத்தது. 1997இல் ஃபால்அவுட், 1998இல், கனடாவின் எட்மண்டன் நகரத்தில் மருத்துவம் படித்தவர்கள் தொடங்கிய பயோவேர் நிறுவனத்திலிருந்து பால்டர்ஸ் கேட், 1999இல் பிளேன்ஸ்கேப் டார்மென்ட். டார்மென்ட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்லிவிடுகிறேன். பிணவறையின் கல்மேடையில் ஒருவன் கண் விழிக்கிறான். பெயர் தெரியாது, சாகவும் முடியாது. தன் முதுகில் என்ன பச்சை குத்தியிருக்கிறது என்பதை மிதந்து வரும் ஒரு மண்டையோடு படித்துச் சொல்லக் கேட்டுக்கொள்கிறான். ஏறத்தாழ 8 லட்சம் சொற்கள் அந்த விளையாட்டில் உண்டு என்பார்கள். அதில் வாளைவிடப் பேச்சுக்கு வலிமை அதிகம். இறுதிக் கட்டத்தைக்கூடச் சண்டையில்லாமல் பேசியே கடக்கலாம். நம் அறையில் ஆங்கில அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நாம் ஆடிய ஒரே விளையாட்டு அது. எனக்கு ஆங்கிலத்தில் இன்று இருக்கும் பழக்கத்தில் ஒரு பங்கு அங்கிருந்து வந்தது.

இந்த இரண்டாம் தழைப்பு ஏழெட்டு ஆண்டுக்குமேல் நிலைக்கவில்லை. டார்மென்ட்டைச் செய்த பிளாக் ஐல் பிரிவை, கடனில் மூழ்கிக்கொண்டிருந்த அதன் தாய் நிறுவனம் இன்டர்பிளே 2003 டிசம்பரில் மூடியது. செய்துகொண்டிருந்த மூன்றாம் ஃபால்அவுட்டும் அதோடு நின்றது. ஃபால்அவுட்டை உருவாக்கிய மூவர் பிரிந்துபோய்த் தொடங்கிய ட்ராய்க்கா நிறுவனம் ஆர்க்கேனம் உட்பட மூன்றே விளையாட்டுகளைச் செய்தது. மூன்றாவதான வாம்பயர் பிளட்லைன்ஸ் 2004 நவம்பரில் ஹாஃப்-லைஃப் 2 வெளியான அதே நாளில் கடைக்கு வந்து அதன் நிழலில் மறைந்தது. அடுத்த ஆண்டு ட்ராய்க்காவும் இல்லை. அந்த விளையாட்டின் பிழைகளை ரசிகர்களே பல ஆண்டுகளாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு வருகிறார்கள் என்பதை நினைத்தால், செய்தவர்கள்மீதும் திருத்துகிறவர்கள்மீதும் எனக்கு ஒருசேர மரியாதை வருகிறது.

2012இல் கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் ரசிகர்களிடமே பணம் திரட்டி நடந்த மீட்சியை நீ நினைவூட்டுவாய். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி விளையாட்டுக்கு 70,000க்கும் மேற்பட்டவர்கள் ஏறத்தாழ 40 லட்சம் டாலர் கொடுத்தார்கள்; நீயும் கொடுத்தாய். பால்டர்ஸ் கேட் 3ஐப் பின்னாளில் செய்த, பெல்ஜியத்தின் கென்ட் நகரத்திலிருக்கும் லாரியன் நிறுவனமும் 2013இல் அதே வழியில் வந்து பணம் திரட்டியதுதான். 2019இல் எஸ்டோனியக்காரர்கள் செய்த டிஸ்கோ எலீசியம், டார்மென்ட்டுக்குப் பிறந்த பிள்ளை என்றே சொல்வேன். ஆனால் கவனித்துப் பார்: பில்லர்ஸின் இரண்டாம் பாகம் 2018இல் வந்தபோது அதற்கு முழுக் குரல் கொடுக்கப்பட்டிருந்தது. டிஸ்கோ எலீசியமும் 2021இல் முழுக் குரலோடு மறுபதிப்பாக வந்தது. எழுத்தை மட்டும் நம்பி வெளியே வருவதற்குப் பெரிய கைகளுக்கு இன்று துணிவு இல்லை.

இப்போது உன் மகள் ஆடிய விளையாட்டுக்கு வருகிறேன். நானும் அதை நூறு மணி நேரத்துக்கு மேல் ஆடினேன், மனதாரப் பாராட்டுகிறேன். செத்தவர்களோடு பேசலாம், விலங்குகளோடு பேசலாம், ஒரு கதவைத் திறக்க நீ யோசிக்கும் ஐந்தாவது வழிக்கும் யாரோ முன்கூட்டியே பதில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு நூற்றுக்கணக்கானவர்கள் ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் உழைத்தார்கள். ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு குரல், ஒரு முகம், ஓர் அசைவு. ஊரே கூடி வடம் பிடித்தால் தேர் ஓடும், பார்க்க இரண்டு கண் போதாது. நான் வருந்துவது தினப்படி பூசை நின்றுபோன கோயில்களுக்காக. முப்பது நாற்பது பேர் இரண்டு மூன்று ஆண்டில் ஒன்றைச் செய்து, அது நடுத்தரமாக விற்று, அந்தக் காசில் அடுத்ததைச் செய்து, அதில் இன்னும் கொஞ்சம் விநோதமாக ஏதாவது முயன்று பார்த்த அந்த நடுத்தளம்தான் இடிந்துபோயிற்று. டார்மென்ட் அந்தத் தளத்தில்தான் பிறந்தது. இன்று டார்மென்ட் அளவு விற்கும் என்று தெரிந்த ஒரு விளையாட்டுக்கு எந்தப் பெரிய நிறுவனமும் பணம் போடாது. ஒருவர் இருவராகத் தனியே செய்கிறவர்கள் இருக்கிறார்கள், நல்லதையும் செய்கிறார்கள். ஆனால் அவர்களில் பலர் பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டு இரவில் எழுதுகிறவர்கள்.

மகளிடம் நீ என்ன சொன்னாய் என்று எழுதவில்லையே. நானாக இருந்தால், மாரோவிண்டைப் போட்டுக் கொடுத்து, பக்கத்தில் ஒரு நோட்டையும் பேனாவையும் வைத்துவிட்டு எழுந்து போயிருப்பேன். முதல் இரண்டு மணி நேரம் அவளுக்குக் கடினமாக இருக்கும். வாள் வீசினால் படாது, ஓடினால் மூச்சு வாங்கும், படம் பழசாகத் தெரியும். அதற்குப் பிறகும் அவள் நோட்டில் ஏதாவது எழுதியிருந்தால் எனக்கு உடனே சொல்.

நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புகிறேன். மூலத்தை நீ ஊருக்கு வரும்போது கையில் தருகிறேன், தபாலில் விட எனக்கு மனமில்லை. கடைசிப் பக்கத்தில் உன் கையெழுத்தில் ஒரே ஒரு வரி இருக்கிறது: "கிழவர் சொன்னது வடக்கே இருக்கிற மரமா, பாறையா? நாளைக்குத் திரும்பக் கேட்கணும்." அந்த வாரம்தான் தேர்வு தொடங்கியது, பிறகு அறையைக் காலி செய்தோம். அந்தக் கிழவர் எந்த ஊர்க்காரர் என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. உனக்கு நினைவிருந்தால் எழுது.

உன் அன்பு நண்பன்