சோடா மெசினை எடுத்த இடத்தில் என்ன வைத்தார்கள்?

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் கிடைத்தது. மூத்தவளுக்கு வேலை சரிவந்துவிட்டது என்று வாசித்ததும் பத்திரகாளி அம்மனிடம் போய் ஒரு விளக்கு வைத்துவிட்டு வந்தேன். இங்கே எல்லாரும் சுகம், அம்மாவுக்குத்தான் முழங்கால் நோ. கச்சான் காற்று தொடங்கிவிட்டது, பத்து மணிக்குப் பிறகு வெளியே கால் வைக்க ஏலாது.

நீ எழுதியதில் எனக்கு மனதில் நின்றது அந்தச் சோடா மெசின் கதைதான். லண்டனில் நீ பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்குச் சேர்ந்த புதிதில் விளையாட்டு மண்டபத்துக்குப் பக்கத்தில் காசு போட்டு டின் எடுக்கிற மெசின் நின்றதும், பிறகு ஒரு விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் சுவரில் அதன் அடையாளம் மட்டும் சதுரமாக இருந்ததும். இங்கிலாந்தில் 2007 செப்டம்பரில்தான் பள்ளிக்கூட மெசின்களிலும் சோடா விற்கத் தடை வந்தது, பிரான்சில் 2005இலேயே மெசினையே வெளியே எடுக்கச் சொல்லிவிட்டார்கள். அமெரிக்காவில் 2006இல் கிளின்டன் அறக்கட்டளையும் இருதய சங்கமும் பேசிப் பேசி, கொக்கா கோலா, பெப்சி போன்ற கொம்பனிகளையே சீனிச் சோடாவைப் பள்ளிக்கூடங்களிலிருந்து எடுக்கச் சம்மதிக்க வைத்தன. அங்கே பல பள்ளிக்கூடங்கள் அதுவரை மெசினை விடாமல் வைத்திருந்ததற்குக் காரணம் காசுதான். எங்கள் சோடாவை மட்டும் விற்றால் பணம் தருகிறோம், மைதானத்துக்கு ஸ்கோர் போர்ட் தருகிறோம் என்று கொம்பனி ஒப்பந்தம் போடும், காசில்லாத அதிபர் என்ன செய்வார்?

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இப்போது எங்கள் பள்ளிக்கூட வாசலிலும் அதேதான் வந்து நிற்கிறது. இங்கே மெசின் இல்லை. ஆனால் ஒரு சோடாக் கொம்பனியின் ஆள் வந்து, கன்ரீனுக்குப் பெரிய கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜ் இலவசம், பள்ளிக்கூடப் பெயர்ப்பலகையும் புதிதாக எழுதித் தருகிறோம் என்று அதிபரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கன்ரீனில் சோடா விற்கக் கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை எத்தனையோ வருடமாக இருக்கிறது, எல்லாருக்கும் தெரியும். "சோடா வைக்காமல் பழச்சாறு வைக்கலாம்தானே" என்கிறார்கள். பக்கெற் பழச்சாற்றில் சீனி இல்லையா?

போன மாதம் அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு நான் வீட்டிலிருந்து சீனிப் போத்தலும் ஒரு தேக்கரண்டியும் ஒரு கண்ணாடிக் கிளாசும் கொண்டுபோனேன். சோடாவில் 100 மில்லிக்குப் பத்து கிராம் சீனி இருந்தால் இலங்கையின் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி சீனி அளவைக் காட்டப் போத்தலில் போடுகிறது மஞ்சள் வட்டம்தான், 11 கிராமைத் தாண்டினால்தான் சிவப்பு. ஆனால் பிள்ளை 100 மில்லியோடு நிறுத்துமா, 330 மில்லி டின்னை முழுக்கக் குடிக்கும். 33 கிராம். எட்டுக் கரண்டி சீனியை ஒவ்வொன்றாக அந்தக் கிளாசில் போட்டேன், அஞ்சாவது கரண்டியிலேயே முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர் "போதும் ரீச்சர்" என்றார். நாள் முழுக்கவே 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதையும் சொன்னேன். கூட்டம் அமைதியாக இருந்தது. பிறகு கன்ரீன் நடத்துகிற அண்ணை எழும்பி, "ரீச்சர், நீங்கள் சொல்வது சரி, ஆனால் பிள்ளைகள் தாகத்துக்கு எதைக் குடிக்கிறது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை சாந்தி, அதுதான் உண்மை. நம் காலத்துக் குழாய்தான் இன்னும் அதே மூலையில் இருக்கிறது. தாங்கி மொட்டை வெயிலில் நிற்கிறது, பதினொரு மணிக்குத் திறந்தால் கன்னியா ஊற்றுத் தண்ணீர் மாதிரிச் சுடும். என் வகுப்பில் ஆறாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று, வீட்டில் பணிஸுக்குக் கொடுத்த காசில் கேற்றுக்கு வெளியே கடையில் ஒரு சின்னச் சோடா வாங்கி, இடைவேளை முழுக்க அந்தப் போத்தலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். குளிருக்காக. மூடியைத் திறந்ததே மணி அடிக்கப் போகும்போதுதான்.

நீ எழுதியிருந்தாயே, மெசின் போன முதல் தவணையில் பிள்ளைகள் பக்கத்துக் கடையில் வாங்கிப் பையில் ஒளித்துக்கொண்டு வந்தார்கள், பிறகு அந்தச் சுவரிலேயே குளிர்ந்த தண்ணீர்க் குழாய் பூட்டிய பிறகுதான் அது குறைந்தது என்று. அதைப் படித்துவிட்டு இரவு நித்திரை வரவில்லை. நாங்கள் சோடாவைத் தடுப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லை.

லண்டனில் பழைய மாணவிகள் சேர்த்திருக்கிற காசை வாசல் வளைவு கட்டத் தரப்போவதாக இங்கே பேச்சு அடிபடுகிறது. வளைவு அடுத்த வருடம் கட்டலாம். அந்தக் காசில் ஃபில்டரோடு ஒரு வோட்டர் கூலரும், தாங்கிக்கு மேலே ஒரு தகரக் கூரையும் போடலாமா என்று உங்கள் கூட்டத்தில் நீ கேட்க வேண்டும். அதிபரிடம் பேசிவிட்டேன், கரண்ட் பில்லைச் சங்கம் பார்க்கும் என்றார். கன்ரீன் அண்ணையும் மோரும் தேசிக்காய்த் தண்ணீரும் போட்டுப் பார்க்கிறேன், சீனி குறைத்து, என்கிறார். கந்தளாய்ப் பக்கத்துத் தயிர் அவருக்கு மலிவாகக் கிடைக்கும்.

ஃபிரிட்ஜ்காரருக்கு மாத முடிவில் பதில் சொல்ல வேண்டுமாம். அதற்குள் எழுது, எழுத நேரமில்லை என்றால் வாட்ஸப்பில் இரண்டு வரி போடு. நான் திருஞானசம்பந்தர் வீதிக் கடையில் கூலர் விலை கேட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
ராணி