சொட்டு மருந்தும் சிரப்பும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழை தொடங்கி, வீட்டுக்கு வீடு பிள்ளைகள் காய்ச்சலில் படுத்துக்கிடக்கும் இந்த நாள்களில், கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நான், தங்கள் இதழின் வழியே தாய்மார்களிடம் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். புறங்கையைக் கழுத்தில் வைத்துப் பார்த்தே காய்ச்சல் உண்டா இல்லையா என்று சொல்லிவிடும் தாய்மார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் அவர்கள் சொன்னதே சரியாக இருக்கும். அவர்கள் தடுமாறுவது மருந்தின் அளவில்தான்.

பாராசிட்டமால் ஒரே பெயரில் பல அளவுகளில் கடைக்கு வருகிறது. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் பொதுவாக 1 மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பிலோ 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம். வேறொரு வகைச் சிரப்பில் அதே 5 மில்லிக்கு 250. பிள்ளைக்கு வேண்டியது ஒரு வேளைக்கு, எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் மட்டுமே. பத்துக் கிலோ எடையுள்ள பிள்ளைக்குச் சொட்டு மருந்தானால் ஒன்று முதல் ஒன்றரை மில்லி, 125 சிரப்பானால் 4 முதல் 6 மில்லி. மூத்தவனுக்குச் சிரப்பு ஊற்றிய பழக்கத்தில் இளையவளுக்குச் சொட்டு மருந்தை 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும்; அப்படியே வேளைக்கு வேளை தொடர்ந்தால் கல்லீரல் கெட்டுவிடும். இதற்கு நேர்மாறாக, சிரப்பில் ஒரு மில்லி மட்டும் பாலாடையில் புகட்டிவிட்டு, "மருந்து கேட்கவே இல்லை, ஊசி போட்டால்தான் கேட்கும்" என்று நள்ளிரவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த தாயையும் கண்டிருக்கிறேன். அந்த மருந்தில் குறையில்லை, போதுமான அளவு கொடுக்கப்படவில்லை, அவ்வளவுதான். நான்கு மணி நேரத்துக்குள் மறுவேளை கொடுக்கக் கூடாது என்பதும், சில சளி மருந்துகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கிறது என்பதும் பல வீடுகளுக்குத் தெரியாது.

இந்த அவசரத்துக்குப் பின்னால் இருப்பது, காய்ச்சல் மண்டைக்கு ஏறி மூளையைக் கெடுத்துவிடும் என்கிற பயம். இது நம் ஊர்த் தாய்மார்களுக்கு மட்டும் உரியதன்று; அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பார்ட்டன் ஷ்மிட் 1980-இலேயே அந்நாட்டுப் பெற்றோரிடம் இதே பயத்தைக் கண்டு எழுதியிருக்கிறார். தொற்றினால் வரும் சாதாரணக் காய்ச்சல் மூளையைப் பாதிப்பதில்லை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வருவது உண்மை. பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாக நின்றுவிடும். அப்போது கையில் இரும்புச் சாவியைத் திணிக்காமல், வாயில் கரண்டியை நுழைக்காமல், பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.

உண்மையில் பயப்பட வேண்டிய இடங்களில் நாம் பயப்படுவதில்லை என்பதே என் வருத்தம். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரி இருந்தால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். டெங்குவில் ஆபத்து கூடுவது காய்ச்சல் இறங்கும் சமயத்தில்தான். "விட்டுவிட்டது" என்று வீடு நிம்மதியாகும் அந்த ஓரிரு நாள்களில் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, சிறுநீர் குறைதல், பிள்ளை துவண்டு கிடத்தல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் காத்திருக்கக் கூடாது.

வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் கூடினால் மாமியார் முதல் அண்டைவீட்டார் வரை எல்லோரும் தாயைத்தான் கேள்வி கேட்கிறார்கள். கையில் பாட்டிலைக் கொடுப்பவர்களோ அவளுக்கு அளவைச் சொல்வதில்லை. தடுப்பூசி அட்டையில் பிள்ளையின் எடை எழுதப்பட்டிருக்கிறது. மருந்துக்கடைக்கு அதை எடுத்துச் சென்று, எத்தனை மில்லி என்று கேட்டு, பாட்டிலின் மேலேயே பேனாவால் எழுதி வாங்கும்படி தாய்மார்களைக் கேட்டுக்கொள்கிறேன். மருந்துக்கடைக்காரர்கள் அதற்கு முகம் சுளிக்காமல் ஒரு நிமிடம் ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
திண்டுக்கல் மாவட்டம்.