180 யென்னுக்கு விலைபோன கோட்டை

அன்பு மகள் கயலுக்கு,

போனில் சொன்னால் 'சரிப்பா, அப்புறம் பேசுறேன்' என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நீ டிக்கெட் போட்டுக் கொடுத்தபடியே ஒக்கயாமாவில் ரயில் மாறி, பழைய கோட்டை இருக்கும் இந்த ஜப்பானிய ஊரான மட்சுவே வந்து சேர்ந்தோம். உனக்கு லீவு கிடைக்காதது அம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை.

கோட்டையைச் சுற்றி அன்று வெட்டிய அகழி இன்றும் தூர்ந்துபோகாமல் ஊருக்குள் ஓடுகிறது. அதில் படகுச் சவாரி. வழியில் 17 பாலங்கள். சில பாலங்கள் ரொம்பத் தாழ்வு. படகோட்டி குரல் கொடுத்ததும் படகின் கூரையே நம் தலைக்கு மேல் இறங்குகிறது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் முழங்காலில் நெற்றி படுகிற மாதிரி குனிய வேண்டும். அம்மா ஒவ்வொரு தடவையும் கொண்டையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்திலிருந்த ஜப்பானியப் பாட்டிக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு தாங்கவில்லை.

கோட்டைக்குள் நுழைந்ததும் நிலவறையில் ஒரு கிணறு. முற்றுகையிட்டால் தண்ணீருக்குத் தவிக்கக் கூடாதல்லவா! படிகள் ஏணி மாதிரி செங்குத்து. லேசான மரத்தில் செய்தவை. எதிரி வந்தால் மேலே இழுத்துக்கொள்ளலாமாம். முழங்காலை நினைத்து அம்மா கிணற்றடியிலேயே நின்றுவிட்டாள். நான் உச்சி வரை ஏறி சிஞ்சி ஏரியைப் பார்த்துவிட்டு வந்தேன்.

மெய்ஜி பேரரசர் காலத்தில், 1875இல், இந்தக் கோட்டையை இடிக்க 180 யென்னுக்கு விற்றுவிட்டார்கள். கத்சுபே மொதோஎமொன் என்ற பெரிய விவசாயியும் தக்காகி கொன்பாச்சி என்ற பழைய சாமுராயும் அதே பணத்தைப் புரட்டிக் கட்டி மீட்டிருக்கிறார்கள். இல்லாவிட்டால் எல்லாம் விறகுதான்.

நான் அதிக நேரம் நின்றது வேறொரு கதைக்காக. 1950இல் பண்பாட்டுச் சொத்துகளைப் பாதுகாக்கும் புதுச் சட்டம் வந்தபோது 'தேசியப் பொக்கிஷம்' என்ற அந்தஸ்து இந்தக் கோட்டையிடமிருந்து பறிபோய்விட்டது. திரும்பக் கேட்டால், கட்டி முடித்த ஆண்டுக்கு ஆதாரம் இல்லை. 2012இல்தான் கோட்டை வளாகத்துக் கோவிலில் இரண்டு பிரார்த்தனைப் பலகைகள் கிடைத்தன. 1611ஆம் ஆண்டுக்குரியவை. அவற்றிலிருந்த ஆணித் துளைகள் கோட்டைத் தூண்களில் இருந்த துளைகளோடு அப்படியே பொருந்தின! 2015இல் அந்தஸ்து திரும்பியது. மூலப்பத்திரத்துக்காக நாம் பரணையே கவிழ்த்துப் போட்டது ஞாபகம் இருக்கிறதா? அம்மாவிடம் சொன்னேன், முறைத்தாள்.

மட்சுவே இப்போது ஷிமானே மாகாணத்தின் தலைநகர். கோட்டைக்குக் கீழே பிரபுவின் அரண்மனை இருந்த இடத்தில் மாகாண அலுவலகம். மதியம் ஊழியர்கள் அகழியோரம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கிறார்கள். எழுத்தாளர் லாஃப்காடியோ ஹெர்ன் 1891இல் சில மாதங்கள் குடியிருந்த வீட்டையும் பார்த்தோம். தோட்டம் அழகு, அவ்வளவுதான்.

ஏரி மட்டி போட்ட மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப்பை அம்மா தொடவில்லை. அவள் பங்கையும் நானே குடித்தேன். ஆனால் வகாகுசா என்ற பச்சை மிட்டாயை விடவில்லை. இந்த ஊரை ஆண்ட, தேநீர்ப் பித்தரான ஃபுமாய் பிரபு காலத்து இனிப்பாம். உனக்கென்று ஒரு பெட்டி வாங்கினாள். நேற்று ராத்திரி அதில் இரண்டு குறைந்திருக்கிறது. நான் எடுக்கவில்லை.

ஞாயிறு சாயங்காலம் ஒசாகா வந்துவிடுவோம். ஸ்டேஷனுக்கு வா.

அன்புடன்,
அப்பா