வளையம் மட்டுமா வேறு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த ஹவானா பயணக் கட்டுரையைப் படித்தேன். பழைய கார்கள், கடற்கரைச் சுவர் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் எச். அப்மன் மேக்னம் 46, பஞ்ச் பஞ்ச் என்ற இரண்டு கியூபா சுருட்டுகளும் ஒரே சரக்கு, சுற்றியிருக்கும் காகித வளையம்தான் வேறு, எது கிடைக்கிறதோ அதை வாங்கிக்கொள்ளலாம் என்று கட்டுரையாளர் போகிற போக்கில் எழுதிவிட்டாரே, அதை மட்டும் என்னால் விட முடியவில்லை.

அவர் ஏன் அப்படி நினைத்தார் என்பது புரிகிறது. இரண்டுமே 143 மில்லிமீட்டர் நீளம், ரிங் கேஜ் 46, அதாவது ஓர் அங்குலத்தை 64 பங்காக்கினால் அதில் 46 பங்கு கனம். சுருட்டுப் பட்டறையில் இந்த அளவுக்கே கொரோனா கோர்டா என்று ஒரே பெயர். இரண்டையும் விற்பது ஹபானோஸ் என்ற ஒரே நிறுவனம், காரத்திலும் இரண்டும் ஏறக்குறைய நடுத்தரம்தான். சரி, ஒரே கடையில் மிளகாயும் மல்லியும் வாங்கி ஒரே மில்லில் அரைத்தாலும் எங்கள் வீட்டுச் சாம்பார் பொடியும் என் அக்கா வீட்டுப் பொடியும் ஒன்றாகவா இருக்கிறது?

விஷயம் உள்ளே வைக்கும் புகையிலையில் இருக்கிறது. செடியின் அடியில் விளையும் வொலாடோ நன்றாகப் பற்றி எரியும், நடு இலையான செக்கோ வாசனைக்கு, உச்சியில் வெயில் வாங்கித் தடித்த லிகேரோ காரத்துக்கு. லிகேரோ மெதுவாக எரியும் என்பதால் அதை நட்டநடுவில் வைத்துச் சுருட்டுவார்கள். எதை எவ்வளவு வைப்பது என்பதில்தான் ஒரு பெயருக்கும் இன்னொரு பெயருக்கும் வித்தியாசம்.

கப்பல் எஞ்சின் அறையில் 26 வருடம் இருந்தவன் நான், இரண்டையும் பல துறைமுகங்களில் வாங்கிப் பிடித்திருக்கிறேன். அப்மன் பற்றவைத்ததும் ஏறக்குறைய ஒன்றுமே சொல்லாது. ஓர் அங்குலம் எரிந்த பிறகு காபிக்கொட்டை வறுக்கும் வாசம், கொஞ்சம் தேவதாரு மரம், நாக்கின் ஓரத்தில் லேசான உப்பு. பஞ்ச் அப்படி இல்லை, முதலிலிருந்தே மரமும் மிளகும் வந்துவிடும், பாதிக்கு மேல் மழை பெய்த மண்ணும் தோலும் கலந்த மாதிரி கனத்துப் போகும். வயிறு நிறைய பிரியாணி சாப்பிட்டவருக்குப் பஞ்ச். காலையில் காபியோடு என்றால் பஞ்ச் பக்கமே போகாதீர்கள், தலை சுற்றும். முதல் அங்குலத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறவர்கள் எப்போதும் பஞ்சைத்தான் எடுப்பார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன்.

ஒப்பிட்டுப் பார்க்க ஆசையென்றால் ஒரே நாளில் இரண்டையும் கொளுத்தாதீர்கள், முதலாவதன் காரத்தில் இரண்டாவது பச்சைத் தண்ணீர் போல இருக்கும். பெட்டியின் அடியில் மாதமும் வருடமும் குத்தியிருப்பார்கள், அது இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். நாலு வருடம் கிடந்த அப்மனையும் போன மாதம் வந்த பஞ்சையும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. துறைமுக வாசலில் யாராவது கண்ணாடி மூடி போட்ட பெட்டியை நீட்டினால் அது போலிதான், என்ன விலை சொன்னாலும் நகர்ந்துவிடுங்கள். நான் ஒருமுறை ஏமாந்தேன், உள்ளே இருந்தது இலைக்குப்பை.

சென்னைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. இந்தச் சூட்டில், இலைக்குள் இருக்கும் சுருட்டு வண்டின் முட்டை பொரிந்து புழு வந்து சுருட்டைத் தின்றுவிடும். ஒரு மே மாதம் என் பஞ்ச் பெட்டியைத் திறந்தால், ஊசியால் குத்தியதுபோல ஏழெட்டு ஓட்டைகள், அடியில் மாவு மாதிரித் தூள். முழுக்க என் தப்புதான், அலமாரியில் வைத்திருந்தேன். அப்புறம் காற்றுப் புகாத டப்பா, உள்ளே ஈரத்தை 65 சதவீதத்தில் வைத்திருக்கும் உறை, ஏ.சி. அறை என்று மாறிக்கொண்டேன்.

இப்போது மாதத்துக்கு ஒன்றுதான். புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய்க்கும் தொண்டைக்கும் இது கேடுதான், அதில் எனக்கு மயக்கம் இல்லை. அந்த ஒன்று அப்மனாகத்தான் இருக்கிறது. மாலையில் மொட்டை மாடியில் ஒரு மணி நேரம், பக்கத்தில் சர்க்கரை குறைத்த காபி, அதற்கு இதுதான் ஒத்துப்போகிறது.

கடைசியாக ஒரு திருத்தம். பஞ்ச் தொடங்கியது 1840, அப்மன் 1844. கட்டுரையில் இரண்டையும் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர்,
ராயபுரம், சென்னை