சயனைடு மலையில் முதலில் புல், அப்புறம்தான் மரம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சுரங்கக் கழிவு மேட்டில் மரக்கன்று நட்டால் தூசி அடங்கிவிடும் என்று வாசகர் ஒருவர் போன வாரம் எழுதியிருந்தார். நல்ல எண்ணம்தான், ஆனால் கன்று பிழைக்க வேண்டுமே.

என் அக்காவைக் கட்டிக் கொடுத்த ஊர் கோலார் தங்கவயல். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடினார்கள், மேடுகள் அப்படியே நிற்கின்றன. சயனைடு மலை என்பார்கள். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சிய சக்கைதான் அது. காற்று கிளம்பிவிட்டால் அக்கா ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் சோறு போடுவாள், அப்படியும் தண்ணீர்க் குடத்து மூடியில் விரலால் பெயர் எழுதலாம்.

அந்த மாவில் மக்கிய தழை கிடையாது, தழைச்சத்து கிடையாது. வேர் பிடிப்பதற்குள் பறந்து வரும் மணலே தண்டை அறுத்துவிடும். பெருந்துகள் துள்ளித் துள்ளி வந்து விழுகிற இடத்தில்தான் நைசான தூசியும் கிளம்புகிறது, அதனால் முதலில் அந்தத் துள்ளலை நிறுத்த வேண்டும். தண்ணீர் தெளிப்பது வெயில் ஏறும் வரைக்கும்தான். மேலே சரளையோ நல்ல மண்ணோ பரப்பலாம், காற்றுக்குக் குறுக்கே முள், மட்டை என்று வரிசையாக ஊன்றலாம். இங்கே கடலூர்க் கடற்கரை மணலில் சவுக்குக் கன்று வைக்கும்போது பனைமட்டை ஊன்றுகிறோமே, அதே வேலைதான்.

அப்புறம் புல். நான் வெட்டிவேர் போடுகிறவன், அதனால் அதைத்தான் சொல்வேன், சிரிக்காதீர்கள். தூரைப் பிரித்து, சரிவுக்குக் குறுக்கே அரைச் சாண் இடைவெளியில் நெருக்கமாக நட்டு, குழியில் எருவும், மண்ணில் அமிலம் ஏறிப் புளித்திருந்தால் சுண்ணாம்பும் போட்டால், மழை அரித்துக்கொண்டு வரும் மண்ணை அந்த வேலி பிடித்து நிறுத்தும். வேர் பத்தடிக்கு இறங்கும். நம் பக்கத்து ரகம் விதை போட்டுப் பரவாது, களையாகிவிடும் என்ற பயம் வேண்டாம். தென்னாப்பிரிக்காவிலும் தாய்லாந்திலும் சுரங்கக் கழிவில் இதை நட்டிருக்கிறார்கள். புல் நின்று, தழை விழுந்து மக்கிய பிறகு மரம் வைக்கலாம். மரம் வளர்ந்து நிழல் கட்டினால் வெட்டிவேர் தானே ஒதுங்கிவிடும், அதற்கு நிழல் ஆகாது.

ஒன்று மட்டும். எங்கள் கொல்லையில் ஒரு வருஷத்தில் தோண்டி விற்றுவிடுகிறோம், பானைத் தண்ணீரில் போடுகிறீர்கள். மேட்டில் வளர்ந்ததை அப்படித் தோண்டவே கூடாது. ஆர்சனிக் போன்ற நஞ்சை இந்தப் புல் பெரும்பாலும் வேரிலேயே தேக்கி வைத்துக்கொள்ளும், இலைக்கு ஏறுவது கொஞ்சம்தான். நாலு காசு கிடைக்கிறதே என்று யாராவது அதைத் தோண்டிச் சந்தைக்குக் கொண்டுவந்தால், வாசனையை வைத்து எது எந்த மண்ணில் விளைந்தது என்று என்னாலேயே சொல்ல முடியாது.

இப்படிக்கு,
வெட்டிவேர் விவசாயி ஒருவர், கடலூர்