நுழைவு வளைவு: வடிவமும் செலவும் முடிவு செய்யும் கூட்டம்

அன்புள்ள குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம்.

நம் நகரின் முகப்பில் கட்டவிருக்கும் அலங்கார வளைவு குறித்து முடிவெடுக்க, வரும் 15-ஆம் தேதி ஞாயிறு காலை 10 மணிக்குப் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் கூட்டம் நடைபெறும்.

1. முதல் வடிவம் கான்கிரீட் தூண்களும் சுதை வேலைப்பாடும் கொண்டது; செலவு 6.80 லட்சம்.
2. இரண்டாவது, இரும்புக் குழாய்ச் சட்டத்தில் எளிய வளைவு, செலவு 4.50 லட்சம்.
3. இரண்டுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி தனி. அதையும் சேர்த்து 118 வீடுகளுக்குப் பகிர்ந்தால், வீட்டுக்கு முறையே 6,800 ரூபாயும் 4,500 ரூபாயும் ஆகும்.
4. எந்த வடிவமானாலும் சாலையிலிருந்து வளைவின் அடிப்பகுதி வரை 5.5 மீட்டர் இடைவெளி கட்டாயம் வேண்டும். பொங்கலுக்கு நாம் கட்டிய மூங்கில் வளைவைத் தண்ணீர் லாரி மாவிலைத் தோரணத்தோடு மூன்றாவது தெரு வரை இழுத்துச் சென்றதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.
5. சாலை மாநகராட்சிக்குச் சொந்தமானது என்பதால், எழுத்துப்பூர்வ அனுமதி கைக்கு வரும் வரை எவரிடமும் பணம் வாங்கப்படாது.

சுதைச் சிற்பங்களுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வண்ணம் பூச வேண்டியிருக்கும். அச்செலவு மேற்கண்ட தொகையில் அடங்காது என்பதால், என் தனிப்பட்ட விருப்பம் இரண்டாவது வடிவமே.

வர இயலாதவர்கள் வீட்டு எண்ணுடன் '1' அல்லது '2' என வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்குள் இக்குழுவிலேயே பதிவிடுங்கள். கைகூப்பும் படங்கள் வாக்காகக் கணக்கிடப்பட மாட்டா.

செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்